உடனிருந்தவர்கள்

மருத்துவமனைப் படுக்கையின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கும், வயது இருக்கும், எந்த மருத்துவரின் பொறுப்பில் இருக்கிறார் என்பதும் இருக்கும். அந்தப் படுக்கைக்கு அருகில் தரையில் பாய் விரித்து, விளக்கு அணையாத அறையில் அரைத்தூக்கம் தூங்குபவரின் பெயர் அதில் இருப்பதில்லை. சோற்றுத் தூக்கைச் சுமந்து வருபவர், மருந்துச் சீட்டுடன் மாடிப்படி இறங்கி ஏறுபவர், இரவெல்லாம் மூச்சின் ஒலியைக் கேட்டபடி விழித்திருப்பவர் ஆகிய அனைவரையும் ‘உடனிருப்பவர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம்.

நம் திருவண்ணாமலையின் வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. மலையைப் பற்றிப் பேசுகிறோம். 217 அடி உயர ராஜகோபுரத்தைப் பற்றிப் பேசுகிறோம். இங்கு வாழ்ந்த ஞானியர் பெயர்களை ஆட்டோக்களின் முதுகிலும் கடைகளின் பலகையிலும் காண்கிறோம். அவர்கள் பசித்தபோது சோறிட்டவர் யார்? காய்ச்சலில் கிடந்தபோது அருகில் அமர்ந்தவர் யார்? அந்தப் பெயர்களும் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேடிப் படிப்பவர் குறைவு.

இக்கட்டுரை அவர்களுள் சிலரைப் பற்றியது. இவர்களை வழிபாட்டுக்கு உரியவர்களாக அன்றி, இவ்வூரில் நம்மைப் போல் வாழ்ந்து, பிறரைப் பார்த்துக்கொண்ட மனிதர்களாகவே இங்கு அறிமுகப்படுத்துகிறோம். படுக்கையில் இருப்பவருக்கு இதனை உரக்கப் படித்துக் காட்டலாம்; அவர் உறங்கும் வேளையில் உடனிருப்பவர் தமக்காகவும் படித்துக்கொள்ளலாம்.

பாதாள லிங்கத்தில் கிடந்த சிறுவன்

1896 செப்டம்பர் 1ஆம் நாள் மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு இவ்வூருக்கு வந்து சேர்ந்தான். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் அச்சிறுவனையே பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. அன்று அவனை அறிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தவனை ஊர்ப்பிள்ளைகள் கல்லெறிந்து தொல்லைப்படுத்தினர். அதிலிருந்து தப்ப, மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கக் குழியில் இறங்கி அமர்ந்தான். வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில் எறும்பும் பூச்சியும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. சீழ் வடிந்தது. அவனோ தன்னை மறந்து கிடந்தான்.

அந்தச் சிறுவன்மேல் முதலில் கண் வைத்தவர் சேஷாத்ரி சுவாமிகள். 1870இல் பிறந்து, காஞ்சிபுரத்தில் வளர்ந்து, 1889இல் இவ்வூருக்கு வந்த அவர், 1929 ஜனவரி 4ஆம் நாள் மறையும்வரை நாற்பது ஆண்டுகள் இத்தெருக்களிலேயே திரிந்தார். கந்தலாடையுடன் அலைந்த அவரைப் பித்தர் என்று எண்ணி ஒதுங்கியவர்களும் உண்டு. அவர் கைபட்டால் வியாபாரம் பெருகும் என்று காத்திருந்த கடைக்காரர்களும் உண்டு. கல்லெறியும் பிள்ளைகளை விரட்ட முயன்றவர் அவரே. வேங்கடாசல முதலியார் என்னும் ஊரார் ஒருவர் அவ்வழியே வந்தபோது, உள்ளே ஒரு சிறுவன் இருப்பதை அவருக்குத் தெரிவித்தவரும் அவரே. முதலியார் வேறு சிலரைத் துணைக்கு அழைத்து வந்து, குழிக்குள் இறங்கி, சிறுவனை அப்படியே தூக்கி வந்து சுப்பிரமணியர் சந்நிதியில் அமர வைத்தார். தூக்கும்போதும் அவன் கண் திறக்கவில்லை என்பர்.

வேங்கடாசல முதலியார் அன்று செய்தது ஒரு சிறு செயல். புண்ணான ஓர் உடலைக் கண்டு முகம் சுளிக்காமல், ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்று விலகிப் போகாமல், நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு தூக்கினார். விபத்தில் அடிபட்டவரை அவர் யாரென்று அறியாமலே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் மனிதர்களை நம் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இன்றும் காண்கிறோம். அவர்கள் முதலியாரின் வழிவந்தவர்கள்.

பழனிசாமியின் இருபது ஆண்டுகள்

ஒருநாள் உதவுவது எளிது. நாள்தோறும் உதவுவது வேறு வகையான வேலை. 1897இல் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்னும் இடத்தில் அந்த இளைஞர் தங்கியிருந்தபோது, பழனிசாமி என்னும் மலையாளி வந்து சேர்ந்தார். அதுவரை ஒரு பிள்ளையார் கோயிலில் வழிபாடு செய்து காலம் கழித்தவர். வந்த அன்று தொடங்கிய பணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வருவதும், வந்த உணவைப் பகிர்ந்து அளிப்பதும், கூட்டம் மிகுந்தால் காவல் இருப்பதும் அவர் வேலையாயின.

பழனிசாமிக்குத் தமிழ் எளிதில் வராது. ஆயினும் ஊரிலிருந்து தமிழ் நூல்களை இரவல் வாங்கி வந்து எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வார். அவர் திணறுவதைக் கண்டு, ரமணரே நூலை வாங்கிப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். இப்படி, பார்த்துக்கொண்டவருக்கும் ஒன்று கிடைத்தது. நெடுநாள் நோயில் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்கும் இல்லங்களில் இது நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை கால் அசைக்க இயலாத தாத்தா, தம்மைக் கவனிக்கும் பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். நோயாளி எந்நேரமும் பெறுபவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரால் தரக்கூடியதைக் கேட்டுப் பெறுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

பின்னர் பழனிசாமியே நோயில் விழுந்தார். அப்போது பாத்திரங்கள் இடம் மாறின. ரமணர் மலையில் சற்று மேலே கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும், விரூபாட்சக் குகையிலேயே தங்கிவிட்ட பழனிசாமியை இறங்கி வந்து பார்த்துச் சென்றார். இறுதி வேளையில் ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி அருகில் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுகள் உடனிருந்தவருக்கு, அவரது கடைசி மணிநேரங்களில் உடனிருக்க ஒருவர் இருந்தார்.

எச்சம்மாளின் தூக்கு

போளூரை அடுத்த மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர் லட்சுமி அம்மாள். எச்சம்மாள் என்ற பெயரே நிலைத்துவிட்டது. முப்பது வயது நிறைவதற்குள் கணவரையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தார். வீட்டின் ஒவ்வொரு மூலையும் இறந்தவரை நினைவூட்டியதால் அங்கே இருக்க முடியவில்லை. 1907ஆம் ஆண்டை ஒட்டித் திருவண்ணாமலைக்கு வந்து, மலைமேல் இருந்த இளம் துறவியின் முன் வெகுநேரம் பேசாமல் நின்றார். துயரம் அன்றே தணியத் தொடங்கியது என்று அவர் வரலாறு கூறுகிறது.

அதன்பின் இவ்வூரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். நாள்தோறும் சமைத்து எடுத்துக்கொண்டு மலையேறினார். பாறையும் படியுமான அந்தப் பாதையில் இன்று ஏறுவோர் வழியில் இரண்டு முறையாவது நின்று மூச்சு வாங்குவர். அவர் வெயிலிலும் மழையிலும் ஏறினார். 1922இல் ரமணர் மலையடிவாரத்துக்கு இறங்கி வந்து, அங்கே ஆசிரமம் உருவாகி, சமையற்கூடமும் ஏற்பட்ட பிறகும் எச்சம்மாளின் சோறு வருவது நிற்கவில்லை. 1945இல் மறையும்வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் இப்பணியைச் செய்தார்.

இதைப் படிக்கும்போது, துயரத்தை வென்ற ஒருவரின் கதை என்று தோன்றலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எச்சம்மாள் செல்லம்மாள் என்னும் பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார். மணம் முடித்து வைத்தார். செல்லம்மாளுக்கு மகன் பிறந்தபோது ரமணன் என்று பெயரிட்டனர். பாட்டியான மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஒருநாள் தந்தி வந்தது: செல்லம்மாள் இறந்துவிட்டாள்.

தந்தியைக் கையில் பிடித்தபடி எச்சம்மாள் மலைமேல் ஓடினார். அதைப் படித்த ரமணரின் கண்கள் நிறைந்தன. எச்சம்மாள் ஊருக்குப் போய் ஈமச் சடங்கை முடித்து, தாயில்லாக் குழந்தையை எடுத்து வந்து அவர் கைகளில் கிடத்தினார். குழந்தையை ஏந்தியபோது மறுபடியும் அவர் கண்ணீர் சிந்தினார் என்று அங்கிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். வாழ்வின் நிலையாமையைப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவ்வேளையில் அழுதார்.

துயர வீட்டுக்குச் செல்லும் நாமும் அங்கே என்ன சொல்வது என்று தவிக்கிறோம். ‘எல்லாம் விதி’, ‘காலம் ஆற்றிவிடும்’, ‘உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறானே’ என்று சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இச்சொற்கள் கேட்பவர் மனத்தில் முள்ளாய் நிற்பது உண்டு. அருகில் அமர்வதும், அழுகை வந்தால் சேர்ந்து அழுவதும், அடுத்த வேளைக்கு ஒரு சொம்பு கஞ்சி கொண்டுபோய் வைப்பதும் பெரிய ஆறுதல்கள்.

எச்சம்மாளிடமிருந்து அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. இரண்டாம் முறை வீழ்ந்த பிறகும் அவர் அடுப்பை மூட்டினார். துயரம் தீர்ந்துவிட்டதால் அவர் சமைக்கவில்லை, துயரத்தோடுதான் சமைத்தார். இழப்புக்குப் பின் அன்றாட வேலைக்குத் திரும்புவது இறந்தவரை மறப்பது ஆகாது. அவ்வாறு திரும்ப முடியாமல், பல வாரங்கள் உறக்கமும் பசியும் இன்றி, வாழவே விருப்பம் இல்லை என்ற எண்ணம் எழுமானால், அது பலவீனம் அன்று. மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கீரைப்பாட்டியும் முதலியார் பாட்டியும்

மலையில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரை ஊரார் கீரைப்பாட்டி என்று அழைத்தனர். குகை நமசிவாயர் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தங்கியிருந்தார். மலைச்சரிவில் தாமாக முளைத்த கீரைகளைப் பறித்து வருவார். வீடுகளில் கேட்டு வாங்கிய அரிசி, பருப்புடன் சேர்த்துச் சமைப்பார். முதல் பங்கு மலைமேல் இருந்த ரமணருக்கு, மீதமே தமக்கு. சில நாட்களில் ரமணரே மலையில் கீரை பறித்து வந்து அவரிடம் கொடுத்ததும் உண்டு. சொத்து என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒருவர் நாள்தோறும் ஒருவருக்கு உணவளித்தார் என்பதே அவருடைய வரலாறு.

கீரையைப் பற்றி இங்கு ஒரு மருத்துவக் குறிப்பைச் சேர்ப்பது பொருத்தம். நம்மிடம் வரும் பெரும்பாலோர்க்குக் கீரை நல்ல உணவே. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர்க்குக் கீரையிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கித் தீங்கு செய்யக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையை மாற்றிவிடும். அன்பினால் சமைத்துக் கொண்டுவரும் எந்த உணவையும் நோயாளிக்குத் தருமுன் செவிலியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலியார் பாட்டி என்று அழைக்கப்பட்ட அலங்காரத்தம்மாள், கடற்கரை ஊரான காரைக்காலிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். அவரும் பல பத்தாண்டுகள் சோறு சுமந்தார். முதுமையில் கண்பார்வை மங்கியது. யாருக்காக அவ்வளவு தொலைவு நடந்தாரோ அவர் முகமே தெரியாத நிலை வந்தது. அப்போதும் பாட்டி வருவதை நிறுத்தவில்லை. தம்மால் அவரைக் காண முடியவில்லை என்று வருந்தியபோது, பாட்டியைத் தாம் காண்பதே போதும் என்ற பொருளில் ரமணர் ஆறுதல் கூறியதாக ஆசிரம நினைவுகளில் சொல்லப்படுகிறது.

நினைவிழப்பு நோயால் பெற்ற பிள்ளையையே அடையாளம் காணாத தாயின் அருகில் அமர்ந்திருக்கும் மகனோ மகளோ இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். ‘என்னை யாரென்றே தெரியவில்லையே, நான் வந்து என்ன பயன்’ என்று அவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறோம். அம்மாவுக்கு உங்களைத் தெரியாமல் போயிருக்கலாம். உங்களுக்கு அம்மாவைத் தெரியும். கையைப் பிடித்துக்கொள்வதற்கு அது போதும்.

மகன் தாயானது

எல்லாவற்றையும் துறந்து வந்தவர் தம் தாயை மட்டும் துறக்க முடியவில்லை. அழகம்மாள் 1914இல் திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் மகனைக் காண வந்தார். வந்த இடத்தில் கடுங்காய்ச்சல் பற்றியது. டைபாய்டு போன்ற அக்காய்ச்சல் இரண்டு மூன்று வாரங்கள் நீடித்தது. ஜுர வேகத்தில் பிதற்றிய தாயின் அருகில் இருந்து பணிவிடை செய்தவர் ரமணரே. தாய் பிழைக்க வேண்டும் என்று செய்யுள்களும் இயற்றினார். அழகம்மாள் நலம் பெற்று ஊர் திரும்பினார்.

1916இல் மறுபடியும் வந்து மகனுடனேயே தங்கினார். கந்தாசிரமத்தில் முறையாகச் சமையல் தொடங்கியது அவர் வந்த பிறகே. 1922 மே 19ஆம் நாள் அழகம்மாளின் இறுதி நாள். அன்று காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணிவரை, ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேரம், வலக்கையைத் தாயின் நெஞ்சிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி மகன் அசையாமல் அமர்ந்திருந்தார். மலையடிவாரத்தில் தாயை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றியே இன்றுள்ள ஆசிரமம் வளர்ந்தது. நம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற ஓர் இடம், ஒரு நோயாளித் தாயின் கல்லறையாகத் தொடங்கியது என்பது நினைக்கத்தக்கது.

இறுதிக் கட்டத்தில் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்கள், ‘நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறேன்’ என்று குற்ற உணர்வு கொள்வதுண்டு. அந்தப் பன்னிரண்டு மணிநேரத்தில் செய்யப்பட்டதும் அதுவே. மருந்து தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகும் கைகளுக்கு வேலை இருக்கிறது.

காத்திருந்த குடும்பம்

உடனிருக்கவும் முடியாமல், செய்தியும் கிடைக்காமல், காத்திருப்பது மட்டுமே வாய்த்த ஒரு குடும்பமும் இவ்வூரில் இருந்தது. ஆங்கிலேயரான ஆர்தர் ஆஸ்பார்ன் பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். 1941இல் விடுப்பில் இந்தியா வந்தவர், போலந்தில் பிறந்த தம் மனைவி லூசியாவையும் மூன்று சிறு குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுத் தாம் மட்டும் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் தாய்லாந்துக்குள் நுழைந்தன. ஆஸ்பார்ன் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடியும்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அவர் எப்போது திரும்புவார் என்பதை அறிய வழியின்றி லூசியா இவ்வூரில் குழந்தைகளை வளர்த்தார். குழந்தைகள் ஆசிரமத்தில் ஓடி விளையாடினர். ஊரார் பேசும் தமிழைக் கேட்டு வளர்ந்தனர். அப்பா பத்திரமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டனர். 1945இல் போர் முடிந்தது. ஆஸ்பார்ன் உயிருடன் திரும்பினார். இங்கேயே தங்கி எழுத்துப்பணி செய்து 1970இல் மறைந்தார்.

அம்மூன்று குழந்தைகளில் ஒருவனான ஆடம் வளர்ந்து அமெரிக்கா சென்றான். 1981இல் ‘ஆஸ்பார்ன் 1’ என்னும் கணினியை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றான். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினிகளுள் வணிகத்தில் முதலில் வெற்றி கண்டது அதுவே. எடை ஏறத்தாழ 11 கிலோ. நம் ஊர்த் தெருவில் விளையாடிய பையன் ஒருவன் இன்றைய மடிக்கணினியின் முன்னோடியைச் செய்தான் என்பதை ஊரில் பலர் அறியார்.

அவர் வாழ்வின் பிற்பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். மூளையைப் பாதித்த நோயால் அவர் மெல்ல மெல்லத் தளர்ந்தார். 1992இல் இந்தியா திரும்பினார். கொடைக்கானலில் சகோதரியின் பராமரிப்பில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2003 மார்ச் மாதம் காலமானார். கணினி வரலாற்று நூல்களில் ஆடமின் பெயர் இருக்கிறது. அந்தப் பத்தாண்டுகளின் காலைகளும் இரவுகளும் எந்த நூலிலும் இல்லை. நெடுங்காலம் ஒருவரைப் பராமரிக்கும் சகோதரிகளும் மருமகள்களும் மனைவியரும் அவற்றை எழுதாமலே அறிவர்.

நோயாளியாக இருந்தவிதம்

1948ஆம் ஆண்டின் இறுதியில் ரமணரின் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அறுவைசெய்து அகற்றினர். ஒரு மாதத்துக்குள் மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை நடந்தது. தசை, எலும்பு போன்ற திசுக்களில் தோன்றும் சர்கோமா என்னும் புற்றுநோய் அது என்று தெரிந்தது. ரேடியம் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள் நடந்தன. கையை அகற்றிவிடலாம் என்ற மருத்துவர் ஆலோசனையை அவர் ஏற்கவில்லை.

இதைப் படிப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அது 1949. எம்.ஆர்.ஐ. பரிசோதனை அன்று இல்லை. இன்றைய வேதிச்சிகிச்சையும் நுண்மையான கதிர்வீச்சு முறைகளும் இல்லை. இன்று பெரும்பாலான சர்கோமா நோயாளிகளுக்குக் கையையோ காலையோ இழக்காமலே சிகிச்சை அளிக்க முடிகிறது. அதற்கு உரிய காலத்தில் வர வேண்டும். உடலில் எங்கேனும் ஒரு கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, ஐந்து சென்டிமீட்டரைக் கடந்தாலோ, அகற்றிய இடத்தில் திரும்ப முளைத்தாலோ, வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு பெரியவர் மறுத்தார் என்பது நம் வீட்டார் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. சிகிச்சையை ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. ஆனால் அந்த முடிவு, இன்று என்னென்ன இயலும் என்பதை மருத்துவரிடம் முழுமையாகக் கேட்டறிந்த பின் எடுக்கப்பட வேண்டும்.

அவர் நோயாளியாக இருந்தவிதத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. தமக்கென்று தனியாகத் தரப்படும் சிறப்பு உணவை அவர் ஏற்பதில்லை. எது வந்தாலும் எல்லோருக்கும் பங்கிடச் சொல்வார். நோய் முற்றிய நாட்களிலும் தம்மைக் காண வருவோரைத் தடுக்க இசையவில்லை. காண வந்தவர்கள் கடைசி நாள்வரை வரிசையில் நின்று கண்டு சென்றனர்.

உடனிருப்போரிடம் ஒரு வேண்டுகோள்

மேலே சொன்ன மனிதர்கள் ஓய்வின்றி உழைத்தார்கள் என்பதால், நீங்களும் உங்களை வருத்திக்கொள்ள வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. எச்சம்மாள் தனியாக இல்லை. முதலியார் பாட்டி இருந்தார், கீரைப்பாட்டி இருந்தார், இன்னும் பலர் இருந்தனர். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் சோறு வந்தது. பராமரிப்பு என்பது முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. உங்கள் குடும்பத்திலும் அவ்வாறு முறை வகுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒருவர், பகல் ஒருவர். வெளியூரில் இருப்பவர் பணம் கட்டும் பொறுப்பையும் தொலைபேசியில் உறவினர்க்குச் செய்தி சொல்லும் பொறுப்பையும் ஏற்கலாம். ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்பவரிடம் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லிவிடாமல், ‘புதன்கிழமை இரவு இரண்டு மணிநேரம் வந்து இருங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நோயாளி உண்ட மிச்சத்தை நின்றபடி விழுங்குவதை உணவு என்று எண்ணாதீர்கள். உட்கார்ந்து, வேளைக்கு உண்ணுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ நீங்கள் மாத்திரை உட்கொள்பவரானால், மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்தில் முதலில் மறந்துபோவது அந்த மாத்திரைதான். அதை நோயாளியின் மருந்துப் பையிலேயே ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், ‘நான் நோயாளி இல்லையே’ என்று மறைக்காமல் அங்குள்ள செவிலியரிடமே சொல்லுங்கள். பழனிசாமியும் ஒருநாள் படுத்தார். பார்த்துக்கொள்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயாளிகளிடம் ஒரு சொல்

1950 ஏப்ரல் 14. இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு ரமணரின் மூச்சு நின்றது. அதற்குச் சற்று முந்திய வேளையில், உடல் தளர்ந்து பேச்சே அரிதாகிவிட்ட நிலையில், தம் உடலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த உதவியாளரைப் பார்த்து ‘சந்தோஷம்’ என்றார். அவருக்கு அது விளங்கவில்லை. ஆங்கிலத்தில் ‘தாங்க்ஸ்’ என்கிறார்களே, நம்மிடம் அதற்குச் ‘சந்தோஷம்’ என்றுதான் சொல்கிறோம் என்று விளக்கினார். பல்லாண்டுகள் பலர் கையால் உண்டவர், எத்தனையோ கைகளால் தாங்கப்பட்டவர், கடைசிப் பொழுதில் அருகில் இருந்த ஒரு கைக்கு நன்றி சொன்னார்.

நம் வீடுகளில் நன்றி சொல்லும் வழக்கம் குறைவு. மனைவிக்கும் மகனுக்கும் நன்றி சொன்னால் அவர்களை அந்நியராக்கிவிட்டதுபோல் தோன்றும். ஆயினும், படுக்கையில் இருக்கும் நண்பரே, இன்று மாலை சோற்றுத் தூக்குடன் உள்ளே வருபவர் காலையிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்திருக்கக்கூடும். அவர் மூடியைத் திறந்து, ரசம் சூடாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.